நடை மறந்த கால்களுக்கு நடை பயிற்றுவித்தல்

திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டையை நம் அங்கத்தினர்களில் பலர் அறிவார்கள். இன்று அங்கே மெட்ரோ ரயில் நின்று செல்கிறது. பெயரைக் கேட்டவுடன், யாரோ ஒரு மகானின் திருவடி பட்ட தலம் போலும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர், கம்பெனியின் துணி வியாபாரத்தை முன்னிட்டு நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. ‘காலெட் பேட்டை’ என்பது மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. துரையின் பெயர் மறைந்து நெசவாளியின் காலடி நிலைத்தது. இது நியாயமான மாறுதலே என்பது என் கருத்து.

ஏனெனில் நெசவைக் கைத்தொழில் என்று நாம் சொன்னாலும், குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தவருக்கு அது பாதிக்குப் பாதி கால்தொழில் என்பது தெரியும். ஒரு கால் மிதிபலகையை அழுத்தப் பாவு பிரிகிறது, நாடா ஓடுகிறது, மறு கால் அழுத்தப் பாவு மாறிப் பிரிகிறது. கண் துணியில் இருக்கிறது, கை நாடாவில் இருக்கிறது, காலை ஒருவரும் கவனிப்பதில்லை. வரப்பின் மேல் நடந்து செல்லும் குடியானவரும், காசிமேட்டில் மீன்கூடை சுமப்பவரும், எண்ணூர் ஆலை வாசலில் மூட்டை இறக்குபவரும் அப்படித்தான். நடக்கிறோம் என்ற நினைவே இல்லாமல் நடப்பதுதான் நடையின் பெருமை. ஒரு நாள் காலையில் பாயிலிருந்து எழுந்து காலை எடுத்து வைக்க நினைக்கும்போது அது வராமற் போனால்தான், இத்தனை காலமும் எவ்வளவு பெரிய வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பது புலப்படுகிறது.

அவ்வாறு கால் வராமற் போவதற்குக் காரணங்கள் பல. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. மூளையின் இடப்பக்கம் கெட்டால் உடலின் வலப்பக்கம் சோர்கிறது. தென்னை மரத்திலிருந்து விழுந்தோ, தலைச்சுமையோடு சறுக்கியோ முதுகெலும்பு முறிந்தால், அதனுள் ஓடும் தண்டுவடம் நசுங்கி இரு கால்களும் செயலிழக்கலாம். முதுமையில் வரும் நடுக்குவாதத்தில் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. நெடுநாள் நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. முந்தைய தலைமுறையில் இளம்பிள்ளை வாதம் எத்தனையோ குழந்தைகளின் கால்களைச் சூம்பச் செய்தது. தடுப்பு மருந்தின் பயனாக, இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். இந்த வியாதிகளெல்லாம் வெவ்வேறு ஆனாலும் ஒரு விஷயத்தில் ஒன்றே: காலில் பழுதில்லை. காலுக்கும் மூளைக்கும் இடையே செல்லும் செய்தியில்தான் பழுது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். திடீரென வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சுக் குழறினால், அந்த நிமிஷமே 108 வண்டியை அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள், தலையை ஸ்கேன் செய்து பார்த்த பிறகே, தகுதியுள்ளவர்களுக்குக் கொடுக்க முடியும். புறாவின் இரத்தத்தைப் பூசுவதிலும், விடியட்டும் பார்ப்போம் என்று காத்திருப்பதிலும் கழிகிற நேரம் மூளை இழக்கிற நேரம்.

வட சென்னை மக்களுக்கு இந்த நேரத்தில் நினைவுக்கு வருவது ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியாக வளர்ந்து, 1938-இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைத்தான் மக்கள் இன்றும் அப்பெயரால் அழைக்கிறார்கள். துறைமுகத் தொழிலாளியும் மீனவரும் ஆலைத் தொழிலாளியும் உயிர் பிழைத்து வந்த இடம் அது. ஆனால் உயிர் பிழைப்பது வேறு, நடப்பது வேறு. ஆஸ்பத்திரிப் படுக்கை பத்து நாளில் காலியாக வேண்டும். நடையோ பத்து நாளில் வருவதில்லை. மீதி மாதங்கள் வீட்டில்தான் கழிகின்றன. அந்த மாதங்களில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்தக் குடும்பத்தின் பிழைப்பு அமைகிறது என்பதால், இதை நம் பத்திரிகையில் சற்று விரிவாக எழுதத் துணிந்தேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. மூளையில் ஒரு பகுதி இறந்துபோனால் அது திரும்ப முளைப்பதில்லை. ஆயினும் பக்கத்திலுள்ள பகுதிகள் அதன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ள வல்லவை. பாவில் ஓர் இழை அறுந்தால் வேறோர் இழையைக் கொண்டுவந்து முடிந்து தறியை ஓட்டுவதில்லையா? அதைப் போன்றது இது. ஆனால் முடிந்த இழை நிலைபெறத் தறி ஓடவேண்டும். சும்மா கிடக்கும் தறியில் எதுவும் நெய்யப்படுவதில்லை. மூளையும் அப்படியே, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதையே அது கற்கிறது. கையால் காலைப் பிடித்து நீவிவிட்டால் கால் இதம் பெறும், நடை வராது. கட்டிலில் படுத்தபடி மற்றவர் காலை மடக்கி நீட்டினால் மூட்டு இறுகாமல் இருக்கும், அது நல்லதே, அதனாலும் நடை வராது. நடை வரவேண்டுமானால் நடக்க முயலவேண்டும். இயன்முறைச் சிகிச்சை என்றும் பிஸியோதெரபி என்றும் வழங்குகிற வைத்தியத்தின் சாரம் இதுதான் என்றால் மிகையாகாது.

அப்படியானால் முதல் நாளிலேயே எழுப்பி நடக்க வைக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர் முதலிய ஐந்து நாடுகளின் 56 ஆஸ்பத்திரிகளில் 2104 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரைப் பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அடிக்கடி, அதிக நேரம் பயிற்சி கொடுத்தார்கள். மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. 2015-இல் முடிவு வெளிவந்தபோது பலர் வியந்தனர். மூன்று மாதத்தின் முடிவில் நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 46, மறு பிரிவில் 50. ஆகவே, முதல் நாளில் அவசரப்பட்டு மிகுதியாகப் பயிற்சி கொடுப்பது நன்மையன்று. வைத்தியர் அனுமதித்த பிறகு, சிறிது சிறிதாக, பல முறை என்பதே அந்த நாட்களுக்குரிய முறை. அப்போது குடும்பத்தார் கவனிக்க வேண்டியது படுக்கை. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். சோர்ந்த கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் தூக்கக் கூடாது. அன்புடன் இழுத்தாலும் தோள் மூட்டு நழுவி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும்.

அடுத்த படி உட்காருவது. கட்டிலின் விளிம்பில் இரு பாதங்களும் தரையில் பதிய உட்கார்ந்து, சாயாமல் இருக்கப் பழக வேண்டும். அதன்பின் எழுந்து நிற்பது. இந்த ‘எழுந்து நிற்றல்’ என்பதை ஏதோ அற்பமான காரியமென்று நினைத்துவிடக் கூடாது. நாற்காலியிலிருந்து எழுவதற்குப் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து, தொடையில் பலங்கொடுத்து நிமிர வேண்டும். நடைக்கு வேண்டிய அத்தனை சக்தியும் அதில் அடங்கியிருக்கிறது. பயிற்சியாளர் இதில் ஒரு தந்திரம் செய்வார். நோயாளி தன்னையறியாமல் நல்ல காலின் மேலேயே முழுப் பாரத்தையும் போட்டு எழுவார். நல்ல காலைச் சற்று முன்னே தள்ளி வைத்துவிட்டால் சோர்ந்த கால் வேலை செய்தே தீரவேண்டும். நாற்காலியின் உயரத்தையும் முதலில் கூட்டி வைத்து, பலம் வர வரக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை என்று தொடங்கி, நாளுக்குப் பல வேளை செய்யலாம்.

நின்ற பிறகு அடியெடுத்து வைப்பது. சோர்ந்த காலில் முன்பாதம் தொங்கித் தரையைத் தட்டினால் விழ நேரிடும். அதற்குக் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் இலேசான பிளாஸ்டிக் பட்டையொன்றைச் செருப்புக்குள் அணிவிப்பார்கள். கைத்தடியை நல்ல கையில்தான் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது சோர்ந்த கால் முன்னே. மாற்றிச் செய்தால் விழுவது திண்ணம். துணைக்கு நிற்பவர் சோர்ந்த பக்கத்தில், அரையடி பின்னே, இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். முன்னே நின்று இரு கைகளையும் பற்றி இழுத்துச் செல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்கு அது சரி. பெரியவருக்கு அதனால் முன்னே கவிழும் பழக்கமே வரும்.

எவ்வளவு நடக்க வேண்டும் என்பதே இனி வரும் முக்கியமான கேள்வி. நம்மில் பலர் இதில்தான் ஏமாந்துபோகிறோம். பக்கவாதம் கண்டவர்களின் சிகிச்சை வேளைகளை வட அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர் சிலர் உடனிருந்து எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு வேளையில் நோயாளி எடுத்து வைத்த அடிகள் சராசரியாக 357. வசதி மிக்க நாட்டின் கணக்கே இது. வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனை வரை சென்று திரும்பினாலே இதற்கு மேல் ஆகிவிடும். ஒரு சேலையை நெய்து முடிக்க மிதிபலகையை எத்தனை ஆயிரம் முறை மிதிக்கிறோம் என்பதை அறிந்த நெசவாளிக்கு, 357 அடியில் ஒரு வித்தை படியாது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2020-இல் அமெரிக்க இயன்முறைச் சிகிச்சையாளர்களின் சங்கத்தார் அதுவரை நடந்த பரிசோதனைகளையெல்லாம் தொகுத்து ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பக்கவாதம், தலைக்காயம், தண்டுவடத்தின் பகுதிக் காயம் ஆகியவை நேர்ந்து ஆறு மாதத்துக்கு மேலான, ஓரளவு நடக்கக் கூடியவர்களைப் பற்றியது அது. அதன் முதல் விதி: இதயம் வேகமாகத் துடிக்குமளவு முயன்று நடக்கும் பயிற்சியே நடையை வளர்க்கிறது. நாடித் துடிப்பு அவரவர் உச்ச அளவின் 70 முதல் 85 சதவீதம் வரை செல்லலாம் என்கிறார்கள். அதற்கு மாறாக, நின்ற இடத்தில் நின்றுகொண்டு பாரத்தை இப்புறமும் அப்புறமும் மாற்றுவதையும், கயிற்றில் தொங்கவிட்டு ஓடும் பட்டையின் மேல் நடத்துவதையும், இயந்திர மனிதக் கால்களைக் கட்டி நடத்துவதையும், நடைவேகத்தைக் கூட்டும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்றும் அந்த வழிகாட்டி கூறுகிறது. வேகமாக நடப்பது என்றதும் நாளைக் காலையே யாரும் தொடங்கிவிடக் கூடாது. பக்கவாதம் கண்டவருக்கு இரத்தக் கொதிப்பும் இதய நோயும் சேர்ந்தே இருப்பது சகஜம். வைத்தியர் இதயத்தைப் பார்த்து அனுமதித்த பிறகே, பயிற்சியாளர் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, இதைச் செய்யவேண்டும். மார்பு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்த வேண்டும்.

கயிற்றில் தொங்கவிடும் இயந்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் அதைக் கண்டுவிட்டு வரும் குடும்பங்கள், ‘அந்த மெஷின் இருந்தால் அப்பா நடந்துவிடுவார், நமக்குத்தான் வசதியில்லை’ என்று மனம் நைந்து திரும்புகின்றன. சிலர் நகையை விற்கவும் துணிகிறார்கள். அவர்களுக்கு 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பரிசோதனையை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். பக்கவாதம் கண்ட 408 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு இரண்டாம் மாதத்திலும் இன்னொரு பிரிவினருக்கு ஆறாம் மாதத்திலும் அந்த இயந்திரப் பயிற்சியை அளித்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு இயந்திரமே இல்லை. பயிற்சியாளர் வீட்டுக்கே சென்று, தசை பலத்துக்கும் நிலை தடுமாறாமைக்கும் உரிய அப்பியாசங்களைப் படிப்படியாகக் கூட்டிச் செய்வித்து, தினமும் நடக்கும்படி ஊக்கினார். ஓராண்டு கழித்து மொத்தத்தில் நூற்றுக்கு 52 பேரின் நடை ஒரு படி உயர்ந்திருந்தது. மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவுமில்லை! ஆறு மாதம் பொறுத்துத் தொடங்கியவர்களும் ஆண்டு முடிவில் மற்றவர்களை எட்டிவிட்டார்கள் என்பது அதில் இன்னொரு நற்செய்தி. ‘ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி வராது’ என்று கைவிடுவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

வீட்டிலேயே ஆகும் என்றால் வீட்டாரே செய்துவிடலாமே, பயிற்சியாளர் எதற்கு? இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பாதிப் பேரின் குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து, வீட்டில் தொடரச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவு 2017-இல் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி இயங்க முடியாதவர்களும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47. சம்பளமில்லாத குடும்பத்தார் தலையில் வேலையை மாற்றி வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது தக்க பதில்.

இதைப் படித்துக் குடும்பத்தாரின் உழைப்பு வீண் என்று எண்ணிவிட வேண்டாம். மனைவியும் மகனும் இல்லாமல் எந்த நோயாளியும் எழுந்ததில்லை. ஆனால் எந்த நாளில் பாரத்தைக் கூட்டுவது, எந்தத் தசை ஏமாற்றுகிறது, எந்தக் கோணலை இப்போதே நிமிர்த்த வேண்டும் என்று பார்ப்பதற்குப் பயின்ற கண் வேண்டும். சாயத்தின் பதத்தை வாளியைப் பார்த்தே சொல்கிறவரும், பயிரின் நோயை இலை நுனியில் காண்கிறவரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டு வந்தார்களா? ஆகவே இரு பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால், விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமல் சமாளிக்கலாம், பயின்ற மனிதர் இல்லாமல் சமாளிக்க முடியாது என்று தெரிகிறது. நம்மவர் பணம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான இடத்தில் செலவாகிறது என்பதுதான் வருத்தம்.

சென்னைக்கு இது புதிய பாடமும் அல்ல. 1956-இல் சேத்துப்பட்டில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அந்த நோய்க்கு நல்ல காற்றும் நல்ல உணவும் கொண்ட சானடோரியம் இன்றியமையாதது என்று உலகமே நம்பிய காலம் அது. நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறு பிரிவினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர் என்று 1959-இல் அறிவித்தபோது உலகத்தின் வைத்திய முறையே மாறிற்று. வீடு தடையாக இருக்கவில்லை. விடாமல் வந்து பார்த்தவர்கள் இருந்ததே காரணம்.

இன்று நடையைப் பொறுத்தமட்டில் அதற்கொத்த ஏற்பாடு ஒன்று நம்மிடம் உண்டு. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது மட்டுமன்றி, படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்கவும் இடமிருக்கிறது. ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து கேட்கவேண்டும். மாத்திரை வாங்கிக்கொள்ளும் வீடுகள் பலவற்றில் இந்தப் பயிற்சியைக் கேட்டுப் பெறுவதில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு சிகிச்சையாளர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் தினமும் அவர் வரமாட்டார். அவர் வருகிற நாளில் கற்பித்ததை அவர் மறுமுறை வருகிற வரையில் தவறாமல் செய்வது நம் பங்கு.

எல்லாரும் நடந்துவிடுவார்களா என்றால், இல்லை என்றே நேர்மையாகச் சொல்லவேண்டும். தண்டுவடம் முழுவதும் அறுபட்டவருக்கு நடை திரும்புவது மிக மிக அரிது. அவர்களிடம் ‘நடப்பாய், நடப்பாய்’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி வருவது கருணையாகத் தோன்றினாலும் கொடுமையே. இந்த இடத்தில் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1925-இல் கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவருக்கு நடை திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். பின்பு நியூயார்க் சென்று டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடம் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். வேலூரில் 1966-இல் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் பயன். மரத்திலிருந்து விழுந்தவர்களும் வண்டி கவிழ்ந்தவர்களும் அங்கே சென்று, நடக்கக் கூடியவர்கள் நடக்கவும், முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் தம் வேலையைத் தாமே செய்யவும் கற்றுத் திரும்பினார்கள். தாம் நடக்காமலே பிறரை நடக்க வைத்த அம்மையாருக்கு 1972-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சென்னையில் இத்தகைய உதவிக்குக் கலைஞர் கருணாநிதி நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. செயற்கை உறுப்புகளும் தாங்கிகளும் அங்கே செய்து தருகிறார்கள்.

மற்ற வியாதிகளுக்கு வழி சற்று மாறும். நடுக்குவாதத்தில் கால் ஒட்டிக்கொள்ளும்போது, தரையில் குறுக்கே ஓர் அடிக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகளைப் போட்டுவைத்தால், கோட்டைத் தாண்டும் கால் தடையின்றி எழுகிறது. தாளம் தட்டினாலும் அவ்வாறே. அந்தத் தாளத்துக்கு அடிகள் ஒழுங்குபடுகின்றன. தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விசித்திரமாகத் தோன்றாது. மருந்து நன்றாக வேலை செய்கிற நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்வது நல்லது. நரம்புகளைத் தாக்கிக் காலிலிருந்து மேலேறும் கில்லன்-பாரே வாதத்தில் பெரும்பாலோர் நாளடைவில் நடக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் தசையைக் களைக்க விடக்கூடாது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்துப் புண் உண்டா என்று சோதிக்க வேண்டும்.

நடை எவ்வளவு தேறியது என்பதை அளக்க எளிய முறை ஒன்று இருக்கிறது. பத்து மீட்டர் தூரம் அளந்து, நோயாளி அதைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கவேண்டும். 25 விநாடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள் மட்டும் நடமாடும் நிலை. பன்னிரண்டரை விநாடிக்குள் வந்தால் வெளியே தடையின்றிச் சென்று வரலாம். நிபுணர்கள் கொண்டிருக்கும் எல்லைகள் இவை. இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்கன்று. 12 மீட்டர் அகலமுள்ள சாலையை முதல் வகையினர் கடக்க அரை நிமிஷம் ஆகும். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஓடும் எண்ணூர்ச் சாலையில் அரை நிமிஷம் என்றால் என்ன என்பதை அங்கே ரேஷன் கடைக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். திருவொற்றியூரில் ஒருவருக்கு 25 விநாடியிலிருந்து 12 விநாடிக்கு வருவது என்பது, வீட்டுவாசலுக்கு அப்பால் மீண்டும் போகலாம் என்பதாகும்.

நம் சங்கங்கள் இதில் செய்யக் கூடியது சிறியதே, ஆனால் பயனுள்ளது. மருந்து தெளிப்பானையும் பாவு ஓட்டும் ராட்டினத்தையும் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டு முறை வைத்துப் பயன்படுத்துகிறோம். அதுபோல ஒரு சக்கர நாற்காலி, இரண்டு நடைச்சட்டங்கள், சில கைத்தடிகள் சங்கத்தின் சரக்கறையில் இருக்கலாம். ஒருவருக்கு நாலு மாதம் வேண்டியிருந்து பிறகு மூலையில் கிடக்கும் பொருள்கள் அவை. நெசவுக் கொட்டகையின் பக்கத்தில் வழவழப்பாகச் சீவிய சவுக்குக் கம்புகள் இரண்டை, இரண்டடி இடைவெளியில், பிடித்தால் முழங்கை சற்றே மடங்கும் உயரத்தில் நட்டு விட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கும் இணைக்கம்பிக்கு அதுவே ஈடு. சுகாதார நிலையத்தின் சிகிச்சையாளர் வீடு வீடாக அலைவதற்குப் பதில் குறித்த நாளில் அங்கே வந்தால், நடக்கத் தொடங்கிவிட்ட ஐந்தாறு பேரை ஒரே வேளையில் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்த்து அவர்களுக்கும் ஊக்கம் பிறக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பு நோய்களையும் நடுக்குவாதத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குரிய சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதைச் சங்கத்தின் காரியதரிசி ஏற்றுக்கொள்ளலாம்.

தறிக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழித்தறியில் இறங்குவதும் ஏறுவதும்தான் கடினம். மிதிப்பது அவ்வளவு கடினமன்று. குழியின் ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டையும், உட்காரும் பலகையைச் சற்று உயர்த்தியும் வைத்தால், பயிற்சியாளர் சம்மதித்த பிறகு, நாளுக்கு அரை மணி என்று தொடங்கலாம். அதுவும் ஒரு பயிற்சியே. கம்புகள் நட்ட இடத்தில் பத்து மீட்டருக்கு இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடு கிழித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தேதி, எத்தனை விநாடி, துணைக்கு நின்றவர் யார் என்று வாரத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். சிகிச்சையாளர் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.